ஒரு விண்மீன், அதைச் சுற்றி ஒரு மங்கல் ஒளி: என்.ஜி.சி. 1514-ஐ ஃபில்டர் வழியே படமெடுப்பது எப்படி?

1790 நவம்பர் 13-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, 'மிக விசித்திரமான காட்சி' என்று குறித்து வைத்தார். அவர் மதிப்பில் ஏறக்குறைய எட்டாம் ஒளித்தர விண்மீன் ஒன்று (ஒளித்தரம் என்பது பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்), அதைச் சுற்றி வட்டமாக மங்கலான ஒளி, அந்த வட்டத்தின் சரியான நடுவில் விண்மீன். அதுவரை அவர், வானத்தில் மேகம்போலத் தெரிபவை எல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத விண்மீன் கூட்டங்களே என்ற எண்ணத்தின் பக்கம் சாய்ந்திருந்தார். இந்த ஒன்று அதற்குப் பொருந்தவில்லை. நடுவில் இருப்பது ஒரே விண்மீன், சுற்றிலும் இருப்பது விண்மீன்களே அல்ல, ஏதோ ஒளிரும் பொருள் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்தப் பொருளைத்தான் இன்று என்.ஜி.சி. 1514 என்கிறோம் (என்.ஜி.சி. என்பது வான்பொருள் அட்டவணை ஒன்றின் பெயர்). ரிஷப ராசியில், சுமார் 1,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கோள் நெபுலா அது. நெபுலா என்றால் விண்வெளி மேகம். கோள் என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிறிய தொலைநோக்கியில் கோளின் தட்டுபோல வட்டமாகத் தெரிந்ததால் ஹெர்ஷல் வைத்த பெயர் அது. உண்மையில் ஆயுள் முடியும் கட்டத்தில் ஒரு விண்மீன் கழற்றிவிட்ட வாயு.

முதன்முதலாக ஃபில்டர் (குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை என்பது என் கருத்து. பெரும்பாலான கோள் நெபுலாக்களில் நடு விண்மீன் மிக மங்கல். அதைப் பிடிப்பதே பாடு. இங்கே நிலைமை தலைகீழ். நடு விண்மீன் ஒளித்தரம் சுமார் 9.4. நெபுலாவோ மெல்லிய புகை மாதிரி. ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் விண்மீனின் வெளிச்சத்தில் நெபுலா கரைந்துவிடும். ஃபில்டர் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரே இரவில் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு விதமான ஒளி

படமெடுக்கும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

விண்மீனின் ஒளி ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லா நிறங்களிலும் பரவியிருக்கும். நெபுலாவின் ஒளி அப்படிப் பரவுவதில்லை, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே குவிந்திருக்கும். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், பூனைக்கண் நெபுலா என்று நாம் இன்று சொல்லும் என்.ஜி.சி. 6543-ஐ, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் பார்த்தபோது வானவில் பட்டை வரவில்லை. பிரகாசமான கோடுகள் மட்டும் வந்தன. அதில் முக்கியமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்தினுடையது என்று தெரியாமல் 'நெபுலியம்' என்று ஒரு புதுப்பெயர்கூட வைத்துப் பார்த்தார்கள். 1927-இல்தான் ஐரா போவன் அது ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். பூமியின் காற்றில் அந்தக் கோடு உருவாக வழியில்லை. விண்வெளி அளவுக்கு வாயு மெலிந்திருந்தால்தான் உருவாகும்.

அந்தக் கோட்டின் அலைநீளம் 500.7 நானோமீட்டர். அதற்குப் பக்கத்தில் 495.9-இல் அதன் மூன்றில் ஒரு பங்கு வலுவுள்ள தம்பிக் கோடு ஒன்று இருக்கிறது. இவற்றைப் பிடிக்கும் ஃபில்டரைத்தான் 'ஓ-3' என்கிறோம். இன்னொரு முக்கியமான கோடு ஹைட்ரஜன் ஆல்ஃபா, 656.3 நானோமீட்டர், அடர் சிவப்பு. என்.ஜி.சி. 1514-இல் ஓ-3தான் ராஜா. ஹைட்ரஜன் ஆல்ஃபா துணைக்கு வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஃபில்டர் இல்லாத கேமரா 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை வாங்குகிறது என்று வையுங்கள். 6 நானோமீட்டர் அகலமுள்ள ஓ-3 ஃபில்டரைப் போட்டால் விண்மீனின் ஒளி ஏறக்குறைய 50-இல் ஒரு பங்காகக் குறையும். நெபுலாவின் 500.7 கோடோ ஃபில்டரின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே வந்துவிடும். 50 மடங்கு என்பது ஒளித்தரக் கணக்கில் சுமார் 4.2. 9.4 ஒளித்தர விண்மீன், கேமராவின் கண்ணுக்கு 13.6 ஒளித்தர விண்மீன்போல ஆகிவிடுகிறது. தெருவிளக்கால் வெளுத்த வானமும் அதே அளவுக்கு இருள்கிறது. நகரத்து மொட்டை மாடியில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் ஓ-3 படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் விண்மீன்களுக்கு நிறம் கிடைக்காது. அதனால் நம் திட்டம் இது: நெபுலாவுக்குக் குறுகிய ஃபில்டரில் நீண்ட எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்), விண்மீனுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற அகல ஃபில்டர்களில் மிகக் குட்டையான எக்ஸ்போஷர். இரண்டையும் தனித்தனியாகப் பதப்படுத்திக் கடைசியில் சேர்ப்போம். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

என்னென்ன வேண்டும்

நெபுலா சிறியது, குறுக்களவு 2 கலைநிமிடத்துக்குச் சற்று மேல் (ஒரு டிகிரியில் 60 கலைநிமிடம், ஒரு கலைநிமிடத்தில் 60 கலைநொடி). முழு நிலாவின் அகலத்தில் சுமார் பதினான்கில் ஒரு பங்கு. எனவே தொலைநோக்கிக்கு நீண்ட குவியத் தூரம் வேண்டும், அது கூடினால்தான் பிம்பம் பெரிதாகும். உங்கள் கருவியில் அது எத்தனை பிக்சல் வரும் என்று வாங்கும் முன்பே கணக்குப் போடலாம்: கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை கலைநொடி என்று வரும். 6 அங்குல நியூட்டோனியன் (ஆடி வைத்த தொலைநோக்கி), 750 மில்லிமீட்டர் குவியத் தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் ஏறக்குறைய 1 கலைநொடி. நெபுலா சுமார் 130 பிக்சல் அகலம் வரும். உள்ளே இருக்கும் மேடு பள்ளம் தெரியத் தொடங்க இது போதும். 8 அங்குல ஷ்மிட்-காசகிரெய்ன் (முன்னால் கண்ணாடி மூடிய குட்டைத் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள், குவியத் தூரத்தைக் குறைக்கும் 0.63 ரெடியூசரைப் போட்டுக்கொள்ளுங்கள். குவியத் தூரம் 1,280 மில்லிமீட்டர் ஆகும், அது இந்தப் பொருளுக்கு அருமையான அளவு. கேமராவும் தொலைநோக்கியும் ஒன்றாக வரும் சீஸ்டார் எஸ்50 போன்ற 250 மில்லிமீட்டர் கருவியில் நெபுலா 55 பிக்சல்தான். சிறிய உருண்டையாகத் தெரியும், அதன் உள்ளேயே இருக்கும் இருபட்டை ஃபில்டர் நன்றாக உதவும், ஆனால் நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

கேமரா கறுப்பு வெள்ளையா, வண்ணமா? முடிந்தால் கறுப்பு வெள்ளை, கூட ஃபில்டர் சக்கரம். ஓ-3 எடுக்கும்போது எல்லாப் பிக்சலும் வேலை செய்யும். வண்ண கேமராதான் இருக்கிறது என்றால் கவலை இல்லை, ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் ஓ-3-ஐயும் ஒன்றாக விடும் இருபட்டை ஃபில்டர் ஒன்று போதும். ஓ-3 பச்சை, நீலப் பிக்சல்களில் விழும். ஹைட்ரஜன் ஆல்ஃபா சிவப்பில் மட்டும் விழும். நான்கில் மூன்று பிக்சல் ஓ-3-க்குக் கிடைப்பதால் இந்த நெபுலாவுக்கு வண்ண கேமரா அவ்வளவு மோசமில்லை. விண்மீன்களுக்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் எடுத்தால் ஆயிற்று.

ஃபில்டரின் அகலத்தைப் பொறுத்தவரை 6 அல்லது 7 நானோமீட்டர் தொடக்கத்துக்குச் சரி. 3 நானோமீட்டர் இன்னும் இருட்டான பின்புலம் தரும், விலையும் எகிறும். 12 நானோமீட்டர் ஃபில்டர் மலிவு. நான் முதலில் சொன்ன தம்பிக் கோட்டையும் சேர்த்து உள்ளே விடும், ஆனால் விண்மீனையும் வான வெளிச்சத்தையும் கூடவே அதிகம் விடும். தொலைநோக்கி எஃப்/3-ஐ விட வேகமானது (குவியத் தூரம் விட்டத்தின் மூன்று மடங்குக்கும் குறைவு) என்றால் சாதாரண குறுகிய ஃபில்டர் வாங்காதீர்கள். ஒளி சாய்வாக நுழையும்போது ஃபில்டரின் பட்டை நீலப் பக்கம் நகர்ந்து 500.7-ஐத் தவறவிடும். அதற்கென்றே செய்த ஃபில்டர்கள் விற்கிறார்கள்.

எப்போது, எங்கிருந்து

இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் என்.ஜி.சி. 1514 மாலையிலேயே உயரத்தில் நிற்கும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டில் இரவு 9 மணியளவில் உச்சிக்கோட்டை (தலைக்கு மேல் வடக்கு தெற்காகப் போகும் கோடு) கடக்கும். பிப்ரவரி நடுவில் 7 மணிக்கே. சென்னையிலிருந்து பார்த்தால் வடக்குப் பக்கம் சுமார் 72 டிகிரி உயரம், மதுரை, யாழ்ப்பாணத்தில் 69. அவ்வளவு உயரத்தில் காற்றின் கலக்கமும் புகையும் குறைவு. போகி அன்று மட்டும் முயற்சி வேண்டாம். அந்தப் புகை அடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஓ-3 எடுக்க நிலவில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய ஃபில்டர் என்றால் நிலவிலும் எடுக்கலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குப் பெரும்பாலும் உண்மை. நிலவொளி காற்றில் சிதறும்போது நீலமும் பச்சையும்தான் அதிகம் சிதறும், 500 நானோமீட்டர் சரியாக அங்கே மாட்டிக்கொள்கிறது. எனவே வளர்பிறை நாட்களை ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கு ஒதுக்கிவிட்டு, அமாவாசையை ஒட்டிய நாட்களை ஓ-3-க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் போக வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். காவலூரில் வைணு பாப்பு வான்காணகம் இருக்கும் மலை அது.

அப்புறம் பனி. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது சும்மா சொன்னதில்லை. ஷ்மிட்-காசகிரெய்னின் முன்கண்ணாடி இரவு பத்து மணிக்குள் ஈரமாகிவிடும். சூடாக்கும் பட்டியை முதல் ஃப்ரேமிலிருந்தே (ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்) போட்டுவிடுங்கள். ஈரம் படிந்த பிறகு போடுவதில் பயனில்லை. முன்பக்கம் நீளமாக ஒரு குழாய்போல அட்டையைச் சுற்றினாலும் ஓரளவு தாங்கும்.

துருவத்தைப் பிடிப்பது

வானத்தின் சுழற்சியைப் பின்தொடர, தொலைநோக்கியைத் தாங்கும் ஈக்வடோரியல் மவுண்டின் அச்சு வானத் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் இதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள், 'துருவ விண்மீனைப் பாருங்கள்' என்று. நமக்குத் துருவ விண்மீன் நிற்கும் உயரம் நம் அட்சரேகை: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. அந்த உயரத்தில் வேப்பமரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ இருக்கும். தெரிந்தாலும் அடிவானப் புழுதியில் மங்கிக் கிடக்கும்.

இன்னொரு சிக்கல் மவுண்டிலேயே இருக்கிறது. பல ஈக்வடோரியல் மவுண்ட்களில் அச்சை இவ்வளவு தாழ்த்தும்போது எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். சிலவற்றில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. வாங்கும் முன் விற்பவரிடம் உங்கள் ஊர் அட்சரேகையைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வடக்குப் பார்த்த காலை ஒரு செங்கல் அளவு கீழிறக்கி அல்லது தெற்குக் கால்களை உயர்த்திச் சமாளிக்கலாம், ஆனால் அப்போது மவுண்டின் நிலைப்பாட்டைக் கவனமாகச் சோதியுங்கள்.

துருவ விண்மீனே தெரியாமல் அச்சைச் சரிசெய்ய இன்று நல்ல வழி இருக்கிறது. நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று-புள்ளி முறைக்கு ஒரு கூடுதல் நிரல் உண்டு. தொலைநோக்கியை எந்தத் திசையிலும் வைத்து, அச்சைச் சுற்றி மூன்று இடங்களில் படமெடுத்து, படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். நீங்கள் திருகாணியைத் திருக வேண்டியதுதான். அதற்குப் பிறகு பிஎச்டி2 என்ற மென்பொருள் மூலம் கைடிங்கை, அதாவது ஒரு விண்மீனைக் கண்காணித்து மவுண்டின் ஓட்டத்தைத் திருத்துவதை, தொடங்குங்கள்.

நெபுலாவைக் கண்டுபிடிப்பது எளிது. கார்த்திகை விண்மீன்களிலிருந்து வடகிழக்காக 8 டிகிரி. அல்லது பெர்சியஸ் விண்மீன் குழுவின் ஜீட்டா என்ற விண்மீனிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக, மூன்றரை டிகிரி. கோ-டு மவுண்ட் என்றால் பெயரைக் கொடுத்தால் போய் நிற்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிட ஓ-3 ஃப்ரேம் எடுத்துப் பாருங்கள். கண்ணால் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஐப்பீஸில் ஓ-3 ஃபில்டரைப் போட்டும் கழற்றியும் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் வெறும் விண்மீனாக நிற்பது, ஃபில்டரைப் போட்டதும் வட்டமான ஒளிக்குள் மூழ்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

குவியம்

பாக்டினோவ் முகமூடியை (குவியம் சரியா என்று காட்டும், கோடு கோடாக வெட்டிய மூடி) போட்டு ரோகிணி போன்ற பிரகாசமான விண்மீனில் குவியத்தைச் சரிசெய்யுங்கள். ஃபில்டரை மாற்றும்போதெல்லாம் மறுபடி சரிபாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஃபில்டர்களாக இருந்தாலும் குவியம் சற்று மாறும், இரவு குளிரும்போதும் மாறும். ஓ-3-இல் குவியம் சற்றே தப்பினாலும் நடு விண்மீன் வீங்கி நெபுலாவின் உட்பகுதியை விழுங்கிவிடும்.

எக்ஸ்போஷர்

மேலே சொன்ன 6 அங்குல நியூட்டோனியன், 1 கலைநொடி பிக்சல் என்ற அமைப்புக்குக் கணக்குப் போட்டால், பச்சை ஃபில்டரில் நடு விண்மீனின் உச்சிப் பிக்சல் நடுத்தரக் கெயினில் (கேமரா சைகையைப் பெருக்கும் அளவு) ஏறக்குறைய 15 நொடிக்குள் நிரம்பிவிடும். நிரம்பிய பிக்சலில் நிறத் தகவல் போய்விடும். எவ்வளவு பதப்படுத்தினாலும் திரும்பாது. எனவே சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 5 முதல் 8 நொடி, 40 ஃப்ரேம் என்று எடுங்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்தான் ஆகும். ஒரு ஃப்ரேம் எடுத்ததும் விண்மீனின் நடுவில் சுட்டியை வைத்து எண்ணைப் பாருங்கள். 65,535-ஐத் தொட்டால் நிரம்பிவிட்டது. 40 ஆயிரம் அருகில் இருந்தால் நிம்மதி.

ஓ-3-இல் அதே விண்மீன் நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவே 180 நொடி ஃப்ரேம் இந்த அமைப்புக்கு இயல்பான அளவு: நெபுலாவும் ஏறும், விண்மீனும் வரம்புக்குள் நிற்கும். உங்கள் தொலைநோக்கி பெரியதென்றால் 120 நொடி. மொத்தம் எவ்வளவு வேண்டும்? இருட்டான இடத்தில் இரண்டு மணி நேரத்திலேயே நெபுலாவின் உடல் நன்றாகத் தெரியும். நகரத்தில் நான்கு மணி நேரமாவது வையுங்கள், இரண்டு இரவாகப் பிரித்தாலும் பரவாயில்லை. ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும்.

இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தும் டிதரிங் வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேம்களை ஒன்றாக அடுக்கிய படத்தில் சாய்வான கோடுகள் மழை பெய்த மாதிரி வரும். பொங்கல் சமயத்தில் 9 மணிக்கு உச்சிக்கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் கேபிள் எதிலும் சிக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

அந்த ஒளி நெபுலாவா, ஃபில்டரா?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

முதல் முறை என்.ஜி.சி. 1514-ஐ எடுத்தபோது நெபுலாவுக்கு வெளியே இன்னொரு மெல்லிய, மிக ஒழுங்கான வட்டம் கிடைத்தது. வெளி ஓடு கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். மூன்றாம் நாள் அதே படத்தின் ஓரத்தில் இருந்த இன்னொரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதைச் சுற்றியும் அதே விட்டத்தில் அதே வட்டம். ஃபில்டரின் இரு பரப்புகளுக்கும் கேமராக் கண்ணாடிக்கும் இடையே ஒளி எதிரொளித்து உருவாக்கிய ஒளிவட்டம் அது.

விண்மீனைச் சுற்றி வட்டமாக ஒளிரும் பொருளை, விண்மீனைச் சுற்றி வட்டமாக ஒளியைப் பொய்யாக உருவாக்கக்கூடிய கருவியால் எடுக்கிறோம். அதனால் சோதனை அவசியம். படத்தில் நடு விண்மீனுக்கு நிகரான அல்லது அதைவிடப் பிரகாசமான வேறு விண்மீன்களைத் தேடுங்கள். அவற்றைச் சுற்றியும் அதே அளவு வட்டம் இருந்தால் அது ஃபில்டரின் வேலை. இல்லையென்றால் தொலைநோக்கியை ரோகிணி பக்கம் திருப்பி, அதே ஃபில்டரில் ஒரு ஃப்ரேம் எடுத்து உங்கள் ஃபில்டர் எவ்வளவு பெரிய வட்டம் போடுகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைத் திருப்பிப் போட்டால் சில நேரம் வட்டம் குறையும். உண்மையான நெபுலா, ஒழுங்கான வட்டமாக இருக்காது. குமிழ் மேல் குமிழ் வைத்த மாதிரி, ஓரங்களில் பிதுங்கி, உள்ளே துளைகளோடு இருக்கும்.

டார்க், ஃபிளாட்

டார்க் ஃப்ரேம்கள் (கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க): மூடியைப் போட்டு, அதே வெப்பநிலை, அதே கெயின், அதே நேரம். 20 முதல் 30 போதும். ஃபிளாட் (தூசியின் நிழலைச் சரிசெய்யச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் தூசி ஃபில்டரின் மேலும் உட்காரும். விடிந்ததும் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கமாகக் கட்டி, வானத்தைப் பார்த்து எடுத்தால் அருமையான ஃபிளாட் கிடைக்கும். கேமராவைக் கழற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டினால் தூசியின் இடம் மாறிவிடும்.

பதப்படுத்துவது

சிரில் என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் செய்யும். ஒவ்வொரு ஃபில்டரின் ஃப்ரேம்களையும் தனித்தனியாக அடுக்குங்கள். கிடைத்த ஐந்து படங்களையும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும்படி சீராக்குங்கள்.

சிவப்பு, பச்சை, நீலத்தைச் சேர்த்து விண்மீன் படம். நிறத்தைக் கையால் சரிசெய்யாமல், விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு நிறம் சரிசெய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். நடு விண்மீன் வெள்ளை வகைதான், ஆனால் இடையிலுள்ள தூசியால் சற்று மஞ்சள் கலந்து வந்தால் அது பிழையல்ல.

அடுத்து ஓ-3 படம். இங்கேதான் பலர் விண்மீன்களை நீக்கும் கருவியை உடனே ஓட்டிவிடுவார்கள். மற்ற நெபுலாக்களில் அது சரி. இங்கே நடு விண்மீன் நெபுலாவின் மையத்திலேயே இருப்பதால், கருவி அந்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பும். சில நேரம் குழி விழும், சில நேரம் இல்லாத மேடு வரும். அதற்குப் பதில் கழித்தல் முறையை நான் விரும்புகிறேன். யோசனை எளிது. பச்சை ஃபில்டர் படத்தில் பெரும்பாலும் விண்மீனின் ஒளி. ஓ-3 படத்தில் விண்மீன் கொஞ்சம், நெபுலா நிறைய. பச்சைப் படத்தைச் சரியான எண்ணால் பெருக்கி ஓ-3-இலிருந்து கழித்தால், விண்மீன் போய் நெபுலா மட்டும் நிற்கும்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தை நீட்டாமல் (மங்கல் பகுதிகளைப் பிரகாசமாக்காமல்), நேரியல் நிலையிலேயே, நெபுலாவிலிருந்து தள்ளி இருக்கும், நிரம்பாத பத்து விண்மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மொத்த ஒளியையும் இரண்டு படங்களிலும் அளந்து, ஓ-3 மதிப்பைப் பச்சை மதிப்பால் வகுங்கள். பத்து விடைகளின் நடுமதிப்பே அந்த எண். அதைப் பிக்சல் கணக்குப் பகுதியில் போட்டுக் கழியுங்கள். சுற்றியுள்ள விண்மீன்கள் பெரும்பாலும் மறைந்தால் எண் சரி. விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் எண் கூடிவிட்டது. இரண்டு படங்களிலும் விண்மீனின் அகலம் ஒன்றாக இல்லாவிட்டால் மோதிரம்போல மிச்சம் நிற்கும். அப்போது கூர்மையான படத்தைச் சற்றே மங்கலாக்கிவிட்டு மறுபடி கழியுங்கள். பச்சை ஃபில்டரும் 500.7-ஐ உள்ளே விட்டால் நெபுலாவில் சில சதவீதம் குறையும், வடிவம் மாறாது.

கழித்த படத்தை நீட்டிப் பார்க்கும் கணம்தான் இந்த வேலையின் பலன். ஹெர்ஷலுக்கு எப்போதும் விண்மீனோடு சேர்ந்தே தெரிந்த அந்த ஒளி, இப்போது விண்மீன் இல்லாமல் தனியே நிற்கும். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நாம் கழித்த அந்தப் பிரகாசமான விண்மீன் நெபுலாவை ஒளிரச் செய்வதே அல்ல. அதன் வெப்பம் சுமார் 10 ஆயிரம் டிகிரி. ஆக்சிஜனிடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் வேண்டும், அதை இந்த விண்மீனால் தர முடியாது. அதன் வெளிச்சத்துக்குள் மறைந்து, சுமார் 9 ஆண்டுக்கு ஒருமுறை அதோடு சுற்றி வரும் மிகச் சூடான துணை விண்மீன்தான் வாயுவைக் கழற்றியது, அதுவேதான் இப்போது ஒளிரவும் செய்கிறது. நம் கேமராவில் இரண்டும் ஒரே புள்ளி.

ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கும் இதேபோல், சிவப்பு ஃபில்டர் படத்தைக் கழியுங்கள். பிறகு சிவப்புக்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா, பச்சைக்கும் நீலத்துக்கும் ஓ-3 என்று சேர்த்தால் நெபுலா நீலப்பச்சையாக, ஓரங்களில் இளஞ்சிவப்புத் தொட்டு வரும். ஹைட்ரஜன் ஆல்ஃபாவை ஓ-3 அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள். இந்த நெபுலாவின் இயல்பு ஆக்சிஜன். இரண்டையும் சமமாக்கினால் படம் அழகாக இருக்கலாம், பொருள் மாறிவிடும்.

கடைசியாக விண்மீன் படத்தை மேலே சேர்க்க வேண்டும். நேரடியாகக் கூட்டினால் நடு விண்மீன் வெடித்துவிடும். ஸ்கிரீன் முறையில் சேருங்கள்: ஒன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் கழித்து, இரண்டு விடைகளையும் பெருக்கி, அதை மறுபடி ஒன்றிலிருந்து கழிப்பது. விண்மீன் படத்தை மென்மையாக நீட்டியிருந்தால், நடு விண்மீன் சிறு முத்துபோல நெபுலாவுக்குள் உட்காரும்.

நம் படத்தில் வராதது ஒன்று உண்டு. 2010-இல் வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களில் இந்த நெபுலாவைச் சுற்றி இரண்டு பெரிய வளையங்கள் தெரிந்தன. 2025-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அவற்றை மிகத் தெளிவாகப் படம்பிடித்தது. அவை அகச்சிவப்பில் ஒளிர்பவை, எந்த ஓ-3 ஃபில்டரிலும் சிக்காது. உங்கள் படத்தில் வளையம் தெரிகிறதென்றால் மறுபடி ஒளிவட்டச் சோதனைக்குப் போங்கள்.

பிப்ரவரி முடியும்போது என்.ஜி.சி. 1514 மேற்கே சாய்ந்துவிடும். அப்போது மிதுன ராசியில் என்.ஜி.சி. 2392 நல்ல உயரத்தில் நிற்கும். அதன் நடு விண்மீன் 10.5 ஒளித்தரம், நெபுலா முக்கால் கலைநிமிடம்தான், ஆனால் நல்ல பிரகாசம். அதற்கு இதே முறையில், ஓ-3-ஐ மட்டும் 30 நொடியாகக் குறைத்துக்கொண்டு, காற்று அசையாத இரவாகப் பார்த்து நிறைய ஃப்ரேம் எடுத்து, கூர்மையானவற்றை மட்டும் அடுக்குங்கள்.